‘விண்ட்’ எங்கே, ‘வைண்ட்’ எங்கே? கொங்குப் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு சொல் வழிகாட்டி

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் காற்றாலைக் காத்தாடிகள் நிற்கின்றன. அதே சுற்றுவட்டாரத்தில் நூற்பாலைகளும் தறிக்கூடங்களும் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இவற்றில் எந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் சேர்ந்த உடனேயே காதில் விழுகிற ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. டபிள்யூ, ஐ, என், டி என்று நான்கே எழுத்து. பள்ளிப் பாடத்தில் இதற்குக் ‘காற்று’ என்று பொருள் படித்திருப்போம். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையிடத்துக்குப் போனால் பாதி வாக்கியங்கள் புரியாது.

தமிழ்வழியில் படித்துவிட்டு மில்லுக்கோ, காற்றாலை சைட்டுக்கோ, திருப்பூர் எக்ஸ்போர்ட் அலுவலகத்துக்கோ புதிதாக வந்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலம் வரவில்லை என்றால் விஷயமே தெரியாது என்று நினைக்கிற மேலாளர்கள் உண்டு. அது உண்மையில்லை. ஆடி மாதக் காற்றையும், நூல் சுற்றுவதையும், கருகிப்போன காயிலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். விஷயம் உங்களிடம் இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் எந்தப் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதுதான் புதிது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உச்சரிப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த நான்கெழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. ‘விண்ட்’ என்றால் வீசுகிற காற்று. ‘வைண்ட்’ என்றால் சுற்றுவது, சுருட்டுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நினைக்க வேண்டாம். எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டதே தவிர, இரண்டும் வெவ்வேறு சொற்கள். காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ லத்தீன் மொழியின் ‘வென்டுஸ்’, சமஸ்கிருதத்தின் ‘வாத’ ஆகியவற்றுக்கு உறவு. வைத்தியர் சொல்லும் வாதமும், ஜன்னலுக்கு மேலே வைக்கிற வென்டிலேட்டரும் அந்தக் குடும்பம்தான். சுற்றுவதைக் குறிக்கும் ‘வைண்ட்’ வேறு வேரிலிருந்து வந்தது.

ஒரு காலத்தில் காற்றையும் ‘வைண்ட்’ என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் பழைய கவிதைகளில் அது ‘மைண்ட்’, ‘பிஹைண்ட்’ என்ற சொற்களோடு இயைபாக வரும். இன்றைய பேச்சில் அந்தக் குழப்பம் இல்லை. காற்று என்றால் ‘விண்ட்’ மட்டும்தான்.

எது எது என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். ஸ்பீடு, டைரக்‌ஷன், பவர், ஸ்ட்ராங், மில் என்று வந்தால் விண்ட். காயில், கோன், யார்ன், கிளாக், அப், டவுன் என்று வந்தால் வைண்ட். பெரும்பாலான இடங்களில் இதுவே போதும்.

இறந்தகாலத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘வைண்ட்’ என்பதன் இறந்தகாலம் ‘வௌண்ட்’. அதை எழுதினால் டபிள்யூ, ஓ, யூ, என், டி. காயத்துக்கும் அதே எழுத்துதான், ஆனால் அதை ‘வூண்ட்’ என்று படிக்க வேண்டும். போன வருடம் காயில் கட்டிய மோட்டாரைப் பற்றிச் சொல்லும்போது ‘ரீவௌண்ட்’ என்று சொல்லுங்கள். ‘ரீவைண்டட்’ என்று பட்டறைகளில் நிறையக் கேட்கலாம். புரிந்துகொள்வார்கள், ஆனால் எழுத்தில் அப்படிப் போடாதீர்கள்.

இரண்டும் ஒரே திரையில் நிற்கும் இடம்

காற்றாலைக் கோபுரத்தின் அடியில் கதவைத் திறந்து உள்ளே போனால் கன்ட்ரோல் பேனல் இருக்கும். அதன் திரையில் ‘விண்ட் ஸ்பீடு’ என்று ஒரு வரி ஓடும். அதே திரையில், இரண்டு பக்கம் தள்ளினால், ‘ஜெனரேட்டர் வைண்டிங் டெம்பரேச்சர்’ என்று இன்னொரு வரி. முதலாவது கோபுரத்துக்கு மேலே வீசும் காற்றின் வேகம். இரண்டாவது ஜெனரேட்டருக்குள் இருக்கும் செம்புக் காயிலின் சூடு. இரண்டாவதை ‘விண்டிங்’ என்று படித்து, போனில் காற்றின் சூடு என்பதுபோலச் சொல்லிவிட்டால், அலுவலகத்தில் இருப்பவர் வெளிக்காற்றின் வெப்பநிலையைத் தேடிக்கொண்டிருப்பார். அதற்குள் மெஷின் அலாரம் அடித்து நின்றுவிடும்.

அந்தத் திரையில் காற்றின் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். செய்தியில் சொல்லும் மணிக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டுமானால் 3.6-ஆல் பெருக்குங்கள். பெரும்பாலான மெஷின்கள் 3 அல்லது 4 மீட்டர் வேகத்தில் மின்சாரம் தர ஆரம்பிக்கும். அதற்குக் ‘கட்-இன் விண்ட் ஸ்பீடு’ என்று பெயர். பல மாடல்கள் 25 மீட்டரில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரில், பாதுகாப்புக்காகத் தானே நின்றுகொள்ளும். அது ‘கட்-அவுட்’. சீசன் நேரத்தில் ஒவ்வொரு மீட்டர் வேகத்துக்கும் எல்லோரும் அவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. அதனால்தான் அவ்வளவு கவலை.

கோபுரத்தின் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டிக்கு நெசல் என்று பெயர். அது காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரே பக்கமாகப் பலமுறை சுற்றினால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள்கள் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு ஒரு அளவைத் தாண்டினால் மெஷின் நின்று, எதிர்ப்பக்கம் சுற்றிப் பிரித்துவிடும். இதைத்தான் ‘கேபிள் அன்வைண்ட்’ என்கிறார்கள். விண்ட் டர்பைனுக்குள்ளேயே வைண்டும் வந்துவிடுகிறது. அங்கே காற்றின் திசை காட்டும் கருவிக்கு ‘விண்ட் வேன்’ என்று பெயர். வண்டியைக் குறிக்கும் வேனுக்கும் அதற்கும் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் கொஞ்சம் வேறு.

இரண்டாம் படி: எல்லாக் காத்தும் விண்ட் இல்லை

நாம் ‘காத்து’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்தையும் சமாளித்துவிடுவோம். ஆங்கிலம் அதை ஐந்தாறாகப் பிரிக்கிறது. பஞ்சர் கடையில் ‘காத்து அடிக்கணும்’ என்றால் ஏர். சோமனூர், பல்லடம் பக்கம் ஓடும் ஏர்ஜெட் தறியில் ஊடை நூலைத் தள்ளுவதும் ஏர்தான், கம்ப்ரஸரில் அடைத்த காற்று. அடைத்து வைத்தாலும், குழாய்க்குள் போனாலும், மூச்சாக உள்ளே இழுத்தாலும் ஏர். இயற்கையாக வெளியே வீசினால்தான் விண்ட்.

இதமாக வந்தால் ப்ரீஸ். திடீரென்று ஓங்கி வீசி அடங்கினால் கஸ்ட். இந்தக் கஸ்ட்டைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வானிலை அறிக்கையில் இது முக்கியம். ‘விண்ட் ஸ்பீடு 45 டு 55 கேஎம்பிஹெச், கஸ்டிங் டு 65’ என்று ஆங்கில அறிக்கையில் வரும். தமிழ் அறிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று வரும். அந்த ‘இடையிடையே’தான் கஸ்டிங். வாழைத் தோப்பு வைத்திருப்பவர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. மரத்தைச் சாய்ப்பது அந்த இடையிடையே வரும் வீச்சுதான்.

அப்புறம் வினைச்சொல். ‘காத்து வருது’ என்பதை அப்படியே ‘விண்ட் இஸ் கம்மிங்’ என்று மாற்றுகிறோம். விண்ட் ‘ப்ளோ’ ஆகும், ‘கம்’ ஆகாது. ‘ஃபேன்ல காத்தே வரலைங்க’ என்பதற்கு விண்டை இழுக்காமல், ஃபேன் சரியாக ஓடவில்லை என்று சொல்வதே ஆங்கிலத்தில் இயல்பு. ‘காத்து வாங்கப் போறேன்’ என்றால் ‘ஃப்ரெஷ் ஏர்’. தியேட்டர் காத்து வாங்குகிறது என்பதையோ, காத்து கருப்பு அண்டிவிட்டது என்பதையோ விண்ட் போட்டு மொழிபெயர்க்க முயலவே வேண்டாம்.

மூன்றாம் படி: திசை

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரைக் காற்றுக்கு வைப்பது தமிழர் வழக்கம். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. ஆங்கிலமும் இதே முறைதான். ‘வெஸ்ட் விண்ட்’, ‘வெஸ்டர்லி விண்ட்’ என்றால் நம் மேகாத்து, மேற்கிலிருந்து கிழக்கே போவது. ஆனால் ‘வெஸ்ட்வேர்ட்’ என்று வந்தால் பொருள் திரும்பிவிடும். அது மேற்கு நோக்கிப் போவது. வால் எழுத்தைப் பார்க்காமல் அவசரத்தில் படித்தால் திசை நேர் எதிராகிவிடும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் மோதி மேலேறுகிறது. இங்கே மட்டும் அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்து உள்ளே பாய்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம், உடுமலை, தாராபுரம் பக்கம் காத்தாடிகள் ஓயாமல் சுற்றுவது இதனால்தான். பனிக்காலத்தில் கிழக்கேயிருந்து வரும் காற்று அதே வழியாகப் பாலக்காட்டுக்குள் போகிறது.

இதோடு இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் காற்று வந்து மோதும் பக்கம் ‘விண்ட்வேர்ட்’. அதற்கு மறைவான பக்கம் ‘லீவேர்ட்’. மேகாத்துக் காலத்தில் வால்பாறைப் பக்கம் மழை கொட்டுகிறது. மலைக்குக் கீழே கிழக்கே இருக்கும் உடுமலையிலும் பல்லடத்திலும் அப்போது காற்றும் தூறலும்தான். இந்த லீவேர்ட் பக்கத்தைத்தான் பாடப்புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்று படித்தோம்.

ஆடியில் பல்லடத்திலிருந்து கோவைக்கு பைக்கில் போனவர்களுக்கு எதிர்க்காற்று என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அது ‘ஹெட்விண்ட்’. திரும்பி வரும்போது முதுகைத் தள்ளுவது ‘டெயில்விண்ட்’. வணிகச் செய்திகளில் இந்த இரண்டும் வேறு வேலை பார்க்கும். தொழிலுக்கு வரும் தடை ஹெட்விண்ட், சாதகமான சூழல் டெயில்விண்ட். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டதுபோன்ற நிலைமையை ஆங்கில அறிக்கைகள் ‘ஹெட்விண்ட்ஸ்’ என்றே எழுதும். ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் மெயிலில் இந்தச் சொல் வந்தால் வானிலையைத் தேடாதீர்கள். விலையைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று தயாராகுங்கள்.

நான்காம் படி: மில்லிலும் பட்டறையிலும் வைண்டிங்

நூற்பாலையில் ப்ளோரூமில் தொடங்கி கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று போய்க் கடைசியில் வருவது கோன் வைண்டிங். ஸ்பின்னிங்கில் ‘காப்பு’ என்கிற சின்னச் சின்னக் குழல்களில் ஏறிய நூலை, பல காப்புகள் சேர்த்து ஒரே கோனில் சுற்றுகிற வேலை. சுற்றுவது மட்டுமல்ல, நூலில் தடித்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் மெஷினே பார்த்து வெட்டி எடுத்துவிட்டு மறுபடி இணைக்கும். அந்த இணைப்பை முடிச்சுப் போடாமல் காற்றை அடித்துச் செய்கிறது ஏர் ஸ்ப்ளைசர். வைண்டிங் செக்‌ஷனில் காற்றுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அதன் பெயர் ஏர். சாயத்துக்குப் போகும் நூலைத் தளர்வாகச் சுற்றச் சொன்னால் ‘சாஃப்ட் வைண்டிங்’. இறுக்கிச் சுற்றினால் சாயம் உள்ளே சரியாக ஏறாது. அப்புறம், நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ‘டிராஃப்ட்’ என்று சொன்னால் அது காற்றோட்டம் இல்லை, பஞ்சுப் பட்டையை எத்தனை மடங்கு இழுத்து மெலிதாக்குகிறோம் என்ற கணக்கு.

மோட்டார் பட்டறைக்குப் போனால் இந்தச் சொல்லைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எரிந்த மோட்டாரைப் பிரித்து, காயில் இருக்கும் சுற்றாத பகுதியான ஸ்டேட்டரை வெளியே எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் கருகிய செம்புக் கம்பியை அறுத்து இழுத்து, எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். ஸ்லாட்டைச் சுத்தம் செய்து இன்சுலேஷன் பேப்பர் வைத்து, அதே சுற்றுக் கணக்கில் புதுக் காயிலைச் சுற்றி ஒவ்வொன்றாக இறக்குவார்கள். பிறகு நூல் போட்டுக் கட்டி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். இந்த வேலை முழுவதும் ‘ரீவைண்டிங்’. விவசாயி ‘காயில் போயிருச்சுங்க’ என்பார், பில்லில் ‘ரீவைண்டிங் சார்ஜ்’ என்று இருக்கும். த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் போய், மோட்டார் மீதி இரண்டிலேயே இழுத்து ஓடினால் வைண்டிங் சூடேறி எரியும். அதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டர் பெட்டியில் பிரிவென்டர் போடுகிறார்கள்.

இந்தப் படியை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை பட்டறைக்குப் போய் நின்று பார்ப்பது நல்லது. காயில் இறக்குகிற அண்ணனிடம் கேட்டால் சலிக்காமல் சொல்வார். அங்கே ‘வைண்ட்’ என்று கேட்ட காது அதைக் காற்றோடு குழப்பவே குழப்பாது.

உடம்புக்குள் இருக்கும் விண்ட்

கோவையில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்து போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வயிற்று வாயுவுக்கு விண்ட் என்று பெயர். அமெரிக்கர் அதையே கேஸ் என்பார்கள். நோயாளி ‘டிராப்டு விண்ட்’ என்றால் வாயு அடைத்துக்கொண்டது என்று பொருள். குழந்தைக்குப் பால் கொடுத்தபின் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவைக்கிறோமே, அதைப் பிரிட்டனில் குழந்தையை ‘விண்ட்’ பண்ணுவது என்கிறார்கள். எழுத்தில் ‘வைண்டிங்’ மாதிரியே இருக்கும். படிக்கும்போது ‘விண்டிங்’ என்று படிக்க வேண்டும், இது சுற்றுகிற வேலை இல்லை.

மூச்சுக்கும் இதே சொல்தான். வயிற்றில் அடிபட்டோ ஓடியோ மூச்சு நின்றதுபோல் திணறினால் ‘விண்டட்’. வெள்ளியங்கிரி ஏறும்போது பாதியில் கால் ஓய்ந்து, இனி முடியாது என்று உட்கார்ந்து, பிறகு எங்கிருந்தோ புதுத் தெம்பு வந்து ஏறிவிடுகிறோம் அல்லவா, அது ‘செகண்ட் விண்ட்’. ஊதி வாசிக்கும் நாதஸ்வரம், புல்லாங்குழல், கொம்பு எல்லாம் ‘விண்ட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’.

ஐந்தாம் படி: ஒட்டி வரும் சொற்கள்

‘விண்ட்பிரேக்’ என்பது வாழைக்கும் தென்னங்கன்றுக்கும் மேகாத்து படாமல் தோட்டத்து ஓரம் வரிசையாக வைக்கும் மரங்கள். கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இதற்கென்றே சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அதோடு கடைசியில் ‘அர்’ சேர்ந்து ‘விண்ட்பிரேக்கர்’ ஆனால் அது போட்டுக்கொள்ளும் ஜாக்கெட். அமெரிக்க பையர் அப்படிச் சொல்வதைப் பிரிட்டிஷ் பையர் ‘விண்ட்சீட்டர்’ என்பார், நம் ஊரிலும் அதுதான் பழக்கம். இங்கிலாந்துக்காரரின் ‘விண்ட்ஸ்கிரீன்’ அமெரிக்கரிடம் ‘விண்ட்ஷீல்ட்’ ஆவதும் அப்படித்தான்.

‘விண்ட்ஃபால்’ முதலில் காற்றுக்கு உதிர்ந்த பழம். கல்லெறியாமல், மரமேறாமல் கிடைத்த மாங்காய். அதிலிருந்து எதிர்பாராமல் வரும் பெரிய லாபத்துக்குப் பெயராகிவிட்டது. கச்சா எண்ணெய் விலை ஏறி நிறுவனங்களுக்குக் கொள்ளை லாபம் வந்தபோது மத்திய அரசு 2022 ஜூலையில் போட்ட வரிக்கு ‘விண்ட்ஃபால் டாக்ஸ்’ என்று பெயர். 2024 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை இன்னும் இரண்டு. ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்ற பொருளில் பிறந்தது. பழந்தமிழில் ஜன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. தானியத்தைத் தூற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘வின்னோ’ என்கிறார்கள், அதுவும் ‘விண்ட்’டிலிருந்து கிளைத்தது. களத்தில் முறத்தைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றவர்களுக்கு அந்த உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: பேச்சு வழக்கும் மெயிலும்

‘கெட் விண்ட் ஆஃப்’ என்று ஒரு தொடர். நேரடியாக யாரும் சொல்லாமல் ஒரு சேதி காதுக்கு வந்து சேர்வது. இதற்கு நம்மிடம் ‘காத்துவாக்குல காதுல விழுந்துச்சு’ என்று அச்சு அசலான தொடர் இருக்கிறது, தைரியமாகப் பயன்படுத்தலாம். ‘விச் வே த விண்ட் இஸ் ப்ளோயிங்’ என்றால் நிலைமை யார் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. நாமும் காத்து யார் பக்கம் அடிக்குது என்றுதான் கேட்கிறோம். ‘த்ரோ காஷன் டு த விண்ட்’ என்பது எச்சரிக்கையைக் காற்றில் பறக்கவிடுவது. இந்த மூன்றிலும் விண்ட்தான்.

‘வைண்ட் அப்’ வந்தால் நிதானமாகப் படியுங்கள். மீட்டிங்கில் சொன்னால் பேச்சை முடித்துக்கொள்வோம் என்று பொருள். கம்பெனியைப் பற்றிச் சொன்னால் சட்டப்படி மூடுவது. 2013 கம்பெனிகள் சட்டத்தில் ‘வைண்டிங் அப்’ என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரு ஆர்டரை முடித்து அனுப்பிவிட்டோம் என்று சொல்ல நினைத்து, பையருக்கு ‘வி ஆர் வைண்டிங் அப்’ என்று மட்டும் எழுதினால், ஃபேக்டரியையே மூடுகிறார்கள் என்று அவர் பயந்துவிடலாம். எதை முடிக்கிறீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ‘கம்ப்ளீட்’ என்ற எளிய சொல்லைப் போடுங்கள். ‘வைண்ட் டவுன்’ என்றால் படிப்படியாகக் குறைப்பது, ‘அன்வைண்ட்’ என்றால் வேலை முடிந்து இளைப்பாறுவது. பிரிட்டிஷ்காரர் ஒருவர் ‘ஆர் யூ வைண்டிங் மீ அப்?’ என்று கேட்டால், என்னைச் சீண்டுகிறீர்களா என்று கேட்கிறார்.

சந்தேகம் வந்தால் போனில் இருக்கும் அகராதியைத் திறங்கள். பல அகராதிகளில் இந்தச் சொல் 1, 2 என்று எண் போட்டு இரண்டு தனிப் பதிவாக இருக்கும். முதல் பதிவோடு மூடிவிடாமல் இரண்டையும் பாருங்கள். ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி உச்சரிப்பைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வேலையிடத்து வாக்கியம் ஒன்றை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். மில்லில் இருப்பவர் கோனை வைத்து எழுதட்டும், சைட்டில் இருப்பவர் அன்றைய விண்ட் ஸ்பீடை வைத்து எழுதட்டும்.